ஃபார்மட் அடிக்கும் முன் தேதியைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வீட்டில் ஏழு வருடமாக ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் ஆன் செய்தால் ஒழுங்காகக் கிளம்புவதில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்து, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் சின்னம் வருகிறது, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடி அதே கதை. அக்கா மகன் வந்து டெலிட் பட்டனைத் தட்டி, உள்ளே எங்கேயோ போய் எதையோ மாற்றினால் கிளம்பிவிடுகிறது. அன்று முழுக்க எத்தனை தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் ஒரு தொந்தரவும் இல்லை. இரவு சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தால், காலையில் பழைய குருடி கதவைத் திறடிதான். நடுவில் ஒருநாள் வங்கியின் இணையதளத்தைத் திறந்தால் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தது. வைரஸோ என்று பயந்து மூடிவிட்டேன். கடையில் கேட்டால், ஹார்டு டிஸ்க் போயிருக்கும், ஃபார்மட் அடித்து விண்டோஸ் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள், வீட்டுக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேசாமல் புதிது வாங்கிவிடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் ஒன்று: ஃபார்மட் அடிக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். புதிதும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மதர்போர்டில் (உள்ளே எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் பெரிய சர்க்யூட் பலகை) இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. ரிப்பேர்க்காரர்கள் 'சிமாஸ் பேட்டரி' என்பார்கள். கைக்கடிகாரத்தில் போடும் செல்லுக்கு அண்ணன் மாதிரி, ஒரு நாணயத்தின் அளவில் இருக்கும்.

நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்களே சொல்லிவிட்டீர்கள். அக்கா மகன் சரிசெய்தபின் அன்று முழுக்க எத்தனை முறை ஆன் செய்தாலும் பிரச்சினை இல்லை. சுவர் சுவிட்சை அணைத்த இரவுக்கு மறுநாள்தான் வருகிறது. ஹார்டு டிஸ்க் பழுதானால் அது நேரம் காலம் பார்க்காது. மதியம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே உறையும், ஒரு படத்தைத் திறக்க ஒரு நிமிடம் எடுக்கும், சில சமயம் உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்கும். ஒருவர் வந்து ஏதோ ஒன்றை மாற்றியதும் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடாது. உங்கள் கம்ப்யூட்டர் ஓடுகிறது. ராத்திரி கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எதையோ மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். எதை மறக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாலும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 1984-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ஏ.டி. கம்ப்யூட்டரிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது: ஒரே சிப்பில் கடிகாரமும், பக்கத்திலேயே அமைப்புகளை எழுதிவைக்கக் கொஞ்சம் நினைவகமும், கரண்ட் போனாலும் இரண்டையும் தாங்க ஒரு பேட்டரியும். அந்தக் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 தடவை துடிக்கும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு நொடி. கணக்கு டீச்சராக இருந்திருந்தால் ரசிப்பீர்கள்.

சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்திருந்தாலும் பவர் சப்ளை மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஒன்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் அமைப்புகளும் அதில் பிழைத்துக்கொள்ளும், பேட்டரிக்கு வேலை இல்லை. நீங்கள் சுவர் சுவிட்சை அணைத்த நொடியில் பாரம் முழுக்க பேட்டரி தலையில் விழுகிறது. தினமும் ராத்திரி அணைக்கிறவர்கள் வீட்டில் இந்த பேட்டரி சீக்கிரம் தீரும். அணைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இடி மின்னலுக்கு அது நல்ல பழக்கம். பேட்டரிதானே, மாற்றிக்கொள்ளலாம்.

ஏழு வருடப் பேட்டரி, ராத்திரி முழுக்கத் தாக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஆன் செய்கிறீர்கள். கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சின்ன மென்பொருள். அது தன் நினைவகத்தைப் பார்க்கிறது, எழுதிவைத்த கணக்கு டேலி ஆகவில்லை. உடனே எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலையில் வைத்தபடி மாற்றிவிட்டு, 'இப்படி ஆகிவிட்டது, பார்த்துக்கொள்' என்று ஒரு வரி காட்டி எஃப்1 கேட்கிறது. அந்தக் கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம்' என்றோ, 'பேட்டரி லோ' என்றோ, 'டேட் அண்ட் டைம் நாட் செட்' என்றோ இருக்கும். மதர்போர்டுக்கு மதர்போர்டு வாசகம் மாறும். நாளை அதை வாசித்துப் பாருங்கள், அல்லது மொபைலில் ஒரு படம் எடுங்கள். யாருமே அதை வாசிப்பதில்லை. கடைக்காரரும் வாசித்திருக்க மாட்டார், ஏனென்றால் நீங்கள் அவரிடம் 'நீலத்திரை வருகிறது' என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

புதிய மதர்போர்டுகள் சிலவற்றில் அமைப்புகள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும், பேட்டரி போனாலும் அழியாது, தேதி மட்டும் தவறும். உங்களுடையது அந்த ரகம் இல்லை. அப்படி இருந்தால் அக்கா மகனுக்குத் தினமும் வேலை இருக்காது.

இப்போது நீலத்திரைக்கு வருவோம். கடைக்காரர் வழி தவறியது இங்கேதான்.

ஹார்டு டிஸ்க்கோடு மதர்போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்று பயாஸில் ஒரு அமைப்பு உண்டு. 'சாட்டா மோடு' என்று இருக்கும். அதில் ஏ.எச்.சி.ஐ., ரெய்டு, பழைய மதர்போர்டுகளில் ஐ.டி.இ. என்று தேர்வுகள் வரும். உங்கள் விண்டோஸ் போடப்பட்டபோது அது ஒரு முறையில், பெரும்பாலும் ஏ.எச்.சி.ஐ.-யில் இருந்திருக்கும். விண்டோஸும் அந்த முறைக்கான டிரைவரை (டிஸ்க்கோடு பேச உதவும் சிறு மென்பொருளை) மட்டும் கிளம்பும்போதே ஏற்றிக்கொள்ளும்படி தன்னை அமைத்துக்கொண்டது. ராத்திரி பேட்டரி கைவிட்டதில் அமைப்பு வேறு முறைக்குப் போய்விட்டது. காலையில் விண்டோஸ் பாதிவரை எழுந்திருக்கிறது, தன் சொந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. புதிய முறைக்கு வேண்டிய டிரைவர் இல்லாமல் இல்லை, அந்த டிஸ்க்கிலேயேதான் கிடக்கிறது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர் நிலைமை. வேறு வழியில்லாமல் நின்றுவிடுகிறது. நீலத்திரையின் கீழே 'இனாக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நான் சொல்வது ஏறக்குறைய உறுதி.

அந்த வாசகத்தைப் பார்த்தால் யாருக்கும் 'டிஸ்க் போச்சு' என்றுதான் தோன்றும். டிஸ்க் போனாலும் அதே வாசகம் வரக்கூடும். அதனால் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னபடி செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? கம்ப்யூட்டர் சரியாகியிருக்கும்! கடைக்குக் கொண்டுபோகும்போது பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். பேட்டரி செத்ததால் அமைப்பு தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும். அந்த நிலையிலேயே புது விண்டோஸ் போட்டிருப்பார், அது அந்த முறைக்கே பழகியிருக்கும். அப்புறம் தினமும் காலையில் அமைப்பு அழிந்தாலும் விண்டோஸுக்குப் பழகிய முறையே வரும், ஜம்மென்று கிளம்பும். எஃப்1 மட்டும் தொடர்ந்து கேட்கும், தேதி தப்பாகவே இருக்கும். படங்களும் கணக்கும் போயிருக்கும். 'ஃபார்மட் அடித்ததும் சரியாகிவிட்டது பார்த்தீர்களா' என்று அவரும் சொல்வார், நீங்களும் நம்புவீர்கள். இந்தத் தொழிலில் இப்படித் தவறான காரணத்துக்காகச் சரியான வைத்தியங்கள் நிறைய.

வங்கி விஷயம் வைரஸ் இல்லை. ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். பிரவுசர் அதை உங்கள் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் சில வருடங்கள் பின்னால் போயிருந்தால், 'இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே' என்று பிரவுசர் தடுத்துவிடும். அன்று அக்கா மகன் மற்றதை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறந்திருப்பார். திரையின் கீழ் மூலையில் பார்த்திருந்தால் ஏதாவது பழைய வருடத்தின் ஜனவரி 1 இருந்திருக்கும். நீங்கள் மூடியது நல்லது. 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தி வங்கிக்குள் போகாமல் இருந்தீர்களே, அதுவே போதும்.

ஆக எஃப்1, நீலத்திரை, வங்கி எச்சரிக்கை மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பேட்டரி வாங்குமுன் இதைச் சோதித்துக்கொள்ளலாம், செலவே இல்லை. வானிலை நன்றாக இருக்கும் ஒரு ராத்திரி, கம்ப்யூட்டரை ஷட்டவுன் மட்டும் செய்யுங்கள். சுவர் சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும். காலையில் ஆன் செய்ததும், யாரும் எதையும் மாற்றாமலே ஒழுங்காகக் கிளம்பினால் என் ஊகம் சரி. அப்படியும் நீலத்திரை வந்து, தேதியும் சரியாக இருந்தால் நான் சொன்னது தப்பு. அதற்குக் கீழே வருகிறேன்.

பேட்டரி மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு, இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

கம்ப்யூட்டர் கிளம்பியிருக்கும் ஒரு நாளில் படங்களையும் கணக்கையும் வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுங்கள். என் ஊகம் சரியாக இருந்தாலும் எடுங்கள். ஏழு வருட டிஸ்க்கில் ஒரே பிரதியாகப் பேரப்பிள்ளைகளின் படங்கள் இருப்பது, பேட்டரியைவிட எனக்குக் கவலையாக இருக்கிறது. காப்பி எடுத்தபின் நாலைந்து படங்களை அந்த வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். பெயர் தெரிவது மட்டும் போதாது, படம் திறக்க வேண்டும்.

அடுத்து, அக்கா மகனை உட்காரவைத்து, 'நீ தினமும் எதை மாற்றுகிறாய்?' என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் நாளில் டெலிட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக சாட்டா மோடு, பூட் மோடு, பூட் வரிசை ('பூட்' என்றால் கம்ப்யூட்டர் கிளம்புவது). பூட் மோடில் லெகசி, யூ.இ.எஃப்.ஐ. என்று இரண்டு இருக்கும். இதுவும் மாறிப்போனால் விண்டோஸ் சின்னம்கூட வராது, 'பூட் டிவைஸ் இல்லை' என்று கறுப்புத் திரையிலேயே நின்றுவிடும். புது பேட்டரி போட்டதும் கடைசியாக ஒருமுறை இந்தப் படங்களைப் பார்த்து அமைப்புகளை வைத்துச் சேமிக்க வேண்டும். எஃப்10 அழுத்தினால் பெரும்பாலான மதர்போர்டுகளில் சேமித்துவிட்டு வெளியே வரும். படம் இல்லாமல் சாட்டா மோடை ஊகத்தில் மாற்றிப் பார்க்க வேண்டாம்.

உங்கள் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ போட்டிருந்தால், பயாஸ் அமைப்பு மாறியதைப் பார்த்து அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். இத்தனை நாள் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் போடப்படவில்லை. இருந்தாலும் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும், முன்கூட்டியே தாளில் எழுதிவையுங்கள்.

இனி மாற்றும் வேலை. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது 'சி.ஆர். 2032'. எண்ணைச் சொல்லியே கேளுங்கள். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்ற செல்லும் பார்க்க அச்சாக இப்படியே இருக்கும், ஆனால் 2.5 மில்லிமீட்டர்தான், கூட்டில் தளர்வாக உட்கார்ந்து ஒருநாள் தொடும், ஒருநாள் தொடாது. எல்.ஐ.ஆர். என்று தொடங்கினால் அது சார்ஜ் ஏற்றும் வகை, வோல்டேஜ் வேறு, வாங்காதீர்கள். வருடக்கணக்காகத் தூசியோடு தொங்கும் அட்டையிலிருந்து எடுக்காமல், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் புதியது 3 வோல்ட்டோ சற்று கூடவோ காட்டும். கழற்றியதை அளந்து பாருங்கள், 2.5 பக்கம் இறங்கியிருந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, ஒயரையும் கேபினட்டின் பின்னாலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு முன்னால் உள்ள பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் முதலில் கேபினட்டின் இரும்பைத் தொடுங்கள், அப்புறம்தான் மதர்போர்டு. கைக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாத நிலைமின்சாரம் ஒரு சிப்பைக் கொன்றுவிடும். மதர்போர்டில் வெள்ளியாக மின்னும் வட்டம்தான் பேட்டரி. கூட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாகத் துள்ளி மேலே வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், நழுவினால் கீழே மயிரிழை மயிரிழையாகத் தடங்கள் ஓடுகின்றன, ஒன்று கீறினால் மதர்போர்டே காலி. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். கிராபிக்ஸ் கார்டு மறைத்துக்கொண்டு விரல் போகாவிட்டால் மல்லுக்கு நிற்காமல் அக்கா மகனிடமே விட்டுவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். கழற்றிய பேட்டரியை மேஜையில் வைக்காதீர்கள். 'தீர்ந்ததுதானே' என்று நினைக்கக் கூடாது, அதில் மிச்சமிருக்கும் சக்தியே ஆபத்தானது. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

சரி, சோதனையில் என் ஊகம் பொய்த்துவிட்டது, சுவர் சுவிட்ச் ஆனிலேயே இருந்தும் காலையில் தகராறு செய்கிறது, தேதியும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக வருகிறதா, ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் மட்டும் மாட்டுகிறதா? விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடிக்கொள்ளாது, தன் உள்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். ரீஸ்டார்ட்டில்தான் நிஜமாகவே முதலிலிருந்து தொடங்கும். எழுதிவைத்ததில் கோளாறு இருந்தால் காலையில் அதையே திரும்ப ஏற்றிக்கொண்டு தடுமாறும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைத்துவிடலாம். கிளம்பச் சில நொடி கூடும், நஷ்டமில்லை.

அதுவும் இல்லையென்றால் கடைக்காரர் சொன்ன டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதல் வேலை ஃபார்மட் அல்ல. டிஸ்க் தன் உடம்பைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கைக் காட்ட இலவச மென்பொருள்கள் உண்டு. அதில் 'ரீஅலகேட்டட் செக்டர்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளின் மூல எண்ணை ('ரா வேல்யூ') பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. எண் இருந்து, வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. காப்பி எடுத்துவிட்டுப் புது டிஸ்க் போட வேண்டியதுதான். அந்த நிலைமையில் யாராவது 'செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் அது மணிக்கணக்கில் படித்துப் பார்க்கும், காப்பி எடுக்க இருந்த கொஞ்ச மூச்சும் அதிலேயே போய்விடும். காப்பிக்கு அப்புறம் எதை வேண்டுமானாலும் ஓட்டட்டும்.

புதிது வாங்கலாமா என்றீர்கள். இந்தப் பிரச்சினைக்காக வேண்டாம். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10 என்றால் அது தனிக் கேள்வி. அதற்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வங்கி வேலைகளும் அதில் செய்கிறீர்கள் என்பதால் விண்டோஸ் 11 அதில் ஏறுமா என்று நிதானமாகப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் 'பி.சி. ஹெல்த் செக்' சொல்லிவிடும். இன்டெல் பிராசசராக இருந்தால் 8-ஆம் தலைமுறையோ அதற்குமேலோ இருக்க வேண்டும் என்பது விதி. ஏழு வருடக் கம்ப்யூட்டர் எல்லைக்கோட்டில் நிற்கும், இந்தப் பக்கமாகவும் இருக்கலாம், அந்தப் பக்கமாகவும் இருக்கலாம்.

பேட்டரி போட்டு, தேதியும் அமைப்பும் சரிசெய்தபின், வழக்கம்போல் ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்தே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி நின்றால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது கறுப்புத் திரையையும் நீலத்திரையின் கடைசி வரியையும் படம் எடுத்து அனுப்புங்கள், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் என்ன தேதி காட்டியது என்பதையும் சேர்த்து.